காப்புறுதியில் யார் எதற்குப் பொறுப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டவொர்த்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் கிராணியாக இருந்தேன். பெரும்பாலும் சாலை விபத்துக் கோப்புகள். இடையிடையே ஆயுள் காப்புறுதி, மருத்துவக் காப்புறுதித் தகராறுகள். ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, தாள்களோடு வருகிறவர்களுக்கு அவற்றைப் படித்துச் சொல்கிறேன். பிறையிலிருந்தும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்தும் வருகிறார்கள். பாலம் கடந்து தீவிலிருந்தும் வருகிறார்கள். நான் வழக்கறிஞர் அல்ல. வழக்கு என்று வந்தால் வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும். ஆனால் அங்கே போவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை நிறைய உண்டு. அவை தெரியாமல் உரிமையை விட்டுக்கொடுத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

விண்ணப்பத்தில் உள்ள விவரங்களுக்கு யார் பொறுப்பு? நானா, நிறுவனமா?

இருவருமே. ஆனால் சுமை முன்போல் முழுவதும் உங்கள் தலையில் இல்லை. பழைய சட்டத்தில் நிறுவனம் கேட்காவிட்டாலும் முக்கியமான விஷயங்களை நீங்களாகவே சொல்ல வேண்டும். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டம் இந்தச் சுமையைக் குறைத்தது. அதன் 9ஆவது அட்டவணை 2015 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. சொந்தத் தேவைக்காகக் காப்புறுதி எடுக்கும் பயனீட்டாளரிடம் நிறுவனம் குறிப்பான கேள்விகளைக் கேட்க வேண்டும். நீங்கள் நியாயமான கவனத்தோடு உண்மையான பதிலைச் சொல்ல வேண்டும். முக்கியம் என்று உங்களுக்கே தெரிந்த விஷயத்தை, கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். மற்றபடி கேட்காத கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை என்று பின்னால் குற்றம் சாட்ட முடியாது. ஒரு பதிலை அரைகுறையாக எழுதியிருந்து, நிறுவனம் அதைப் பற்றி மேற்கொண்டு விசாரிக்காமல் பாலிசியைக் கொடுத்துவிட்டால், அந்தக் குறையை அது பொருட்படுத்தவில்லை என்றே சட்டம் கொள்கிறது.

இந்தக் கடமையை எழுத்தில் தெளிவாக உங்களுக்குத் தெரிவிப்பதும் நிறுவனத்தின் பொறுப்புதான். பாலிசியைப் புதுப்பிக்கும்போதும் இதே விதி பொருந்தும்.

முகவர்தான் எல்லாவற்றையும் பூர்த்தி செய்தார். நான் கையெழுத்து மட்டும் போட்டேன். தவறு யாருடையது?

என்னிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இது. சென்ற ஆண்டு ஓர் அக்கா பிஸ்கட் டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே ரப்பர் வளையம் போட்ட ரசீதுகள், பாலிசிப் புத்தகம், அடியில் நான்காக மடித்த விண்ணப்பப் படிவத்தின் நகல். கணவர் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நீரிழிவை மறைத்துவிட்டார் என்று சொல்லி நிறுவனம் பணம் தர மறுத்துக் கடிதம் அனுப்பியிருந்தது.

படிவத்தை மேசையில் விரித்தேன். உடல்நலக் கேள்விகளின் பக்கத்தில் எல்லாக் கட்டங்களிலும் "இல்லை" என்று ஒரே வேகத்தில், ஒரே சாய்வில் டிக் அடித்திருந்தது. நீல மை. அடியில் கணவரின் கையெழுத்து கறுப்பு மையில், நடுங்கிய கையால், கோட்டுக்கு மேலே ஏறிப் போயிருந்தது. "தம்பி, அவருக்கு மலாயும் சரியாக வராது, இங்கிலீஷும் தெரியாது. அந்த முகவர் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் உட்கார்ந்து எழுதினார். இன்சுலின் பாட்டிலை என் கையாலேயே எடுத்துக் காட்டினேன்" என்றார் அந்த அக்கா.

இந்த இடத்தில் சட்டம் பாலிசி எடுத்தவர் பக்கம் நிற்கிறது. நிறுவனம் நியமித்த முகவர் விற்பனைக்காகப் பேசும்போது நிறுவனத்தின் ஆளாகவே கருதப்படுகிறார். அவருக்குத் தெரிந்தது நிறுவனத்துக்குத் தெரிந்ததாகும். அவர் தம் ஒப்பந்தத்தை மீறிச் சொன்ன வார்த்தையும் செய்த செயலும்கூட நிறுவனத்தையே சேரும். "முகவர் செய்த தவறு, எங்களுக்குத் தெரியாது" என்று கைகழுவிவிட முடியாது. விதிவிலக்கு உண்டு. நீங்களும் முகவரும் சேர்ந்து திட்டமிட்டு மறைத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. "போட வேண்டாம், பிரிமியம் கூடிவிடும்" என்று அவர் சொல்லி நீங்கள் தலையாட்டியிருந்தால் நிலைமை மோசம்.

ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருப்பது ஒன்று, அதை மெய்ப்பிப்பது வேறு. வீட்டு மேசையில் நடந்த பேச்சுக்கு யார் சாட்சி? அந்த அக்காவுக்குக் கைகொடுத்தது அவருடைய மகளின் பழைய கைப்பேசி. "அப்பாவின் மருந்துப் பட்டியலை அனுப்புங்கள்" என்று முகவர் கேட்டதும், மகள் படம் எடுத்து அனுப்பியதும் வாட்ஸ்அப்பில் அப்படியே தேதியோடு இருந்தன. முறையீடு செய்தோம்; பணம் வந்தது. அந்தக் கைப்பேசியைப் பழைய சாமான்காரரிடம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முகவர் உங்கள் மருமகனாகவே இருந்தாலும் போடாதீர்கள். மொழி புரியாவிட்டால் புரிந்த ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, அவர் வாசித்துச் சொன்ன பிறகு போடுங்கள். பூர்த்தி செய்த பக்கங்களை அங்கேயே படம் எடுத்து வையுங்கள். ஆயுள், மருத்துவப் பாலிசிகள் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாள் திரும்பப் பார்க்கும் காலம் உண்டு. அதற்குள் திருப்பிக் கொடுத்தால் கட்டிய பிரிமியம் திரும்பக் கிடைக்கும். மருத்துவப் பரிசோதனை நடந்திருந்தால் அந்தச் செலவை மட்டும் கழிப்பார்கள். அந்தப் பதினைந்து நாளில் உங்கள் பதில்களை ஒருமுறை சரிபாருங்கள்.

தவறான பதில் ஒன்று இருந்தால் எல்லாப் பணமும் போய்விடுமா?

இல்லை. எப்படிப்பட்ட தவறு என்பதைப் பொறுத்தது. வேண்டுமென்றே சொன்ன பொய், அல்லது உண்மையா பொய்யா என்ற கவலையே இல்லாமல் சொன்ன பதில் என்றால் நிறுவனம் பாலிசியை ரத்து செய்து இழப்பீட்டை மறுக்கலாம். கவனக்குறைவு என்றால் வேறு கணக்கு. சரியான பதில் தெரிந்திருந்தால் நிறுவனம் என்ன செய்திருக்கும் என்று பார்க்க வேண்டும். பாலிசியே கொடுத்திருக்காது என்றால் அது விலகிக்கொள்ளலாம், ஆனால் பிரிமியத்தைத் திருப்பித் தர வேண்டும். கூடுதல் பிரிமியம் வாங்கிக்கொண்டு கொடுத்திருக்கும் என்றால், இழப்பீட்டை அந்த விகிதத்தில் குறைக்கலாம், அவ்வளவுதான். மாதம் 200 ரிங்கிட் வாங்கியிருக்க வேண்டிய இடத்தில் 150 ரிங்கிட் வாங்கியிருந்தால், அது நான்கில் மூன்று பங்கு. 40,000 ரிங்கிட் கோரிக்கைக்கு 30,000 ரிங்கிட் கிடைக்க வேண்டும்.

நியாயமான கவனத்தோடு பதில் சொல்லியும் அறியாமல் நேர்ந்த தவறுக்குத் தண்டனை கிடையாது. உங்களுக்கே தெரியாத நோயை நீங்கள் எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

மறுப்புக் கடிதத்தில் இந்த வகைகளில் எது என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். "உண்மை மறைக்கப்பட்டது" என்று மொட்டையாக எழுதியிருந்தால், எந்தக் கேள்வி, என்ன பதில், எந்த வகைத் தவறு என்று எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கே சில கோப்புகள் மறுபடி திறக்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆயுள் பாலிசி எடுத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போதும் பழைய விண்ணப்பத்தைக் கிளற முடியுமா?

காப்புறுதி செய்யப்பட்டவர் உயிரோடு இருக்கும்போதே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நடப்பில் இருந்த பாலிசி என்றால், சாதாரணத் தவறைக் காட்டி ரத்து செய்ய முடியாது. முக்கியமான உண்மை மோசடியாக மறைக்கப்பட்டது என்று நிறுவனமே மெய்ப்பிக்க வேண்டும். பாலிசி காலாவதியாகிப் பிறகு மீட்கப்பட்டிருந்தால் தேதிகளை ஒருவரிடம் காட்டிச் சரிபாருங்கள்.

நாமினியாகப் பெயர் போட்டால் போதுமா? பணம் அவருக்குத்தானே?

எப்போதும் அப்படியல்ல. இதில்தான் குடும்பங்கள் உடைகின்றன.

முஸ்லிம் அல்லாதவர் தம் கணவன், மனைவி அல்லது பிள்ளையை நாமினியாகப் போட்டால் அங்கே ஓர் அறக்கட்டளை உருவாகிறது. பணம் நேரே அவர்களுக்கு. இறந்தவரின் சொத்தில் சேராது, கடன்காரர்களும் தொட முடியாது. மனைவியோ பிள்ளையோ இல்லாத நிலையில் தாய் தந்தையைப் போட்டாலும் அப்படியே. ஆனால் அண்ணன், தங்கை, நண்பர் என்று போட்டால், அவர் பணத்தை வாங்குவது உரிமையாளராக அல்ல, நிர்வாகியாக மட்டுமே. உயில் இருந்தால் உயில்படியும், இல்லாவிட்டால் 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டப்படியும் பிரித்துக் கொடுக்க வேண்டியவர் அவர்.

அடிக்கடி நடப்பது இதுதான்: பையன் இருபத்து மூன்று வயதில் முதல் வேலையில் சேர்ந்ததும் பாலிசி எடுத்து அம்மாவை நாமினியாகப் போடுகிறான். பிறகு கல்யாணம், இரண்டு பிள்ளைகள். படிவத்தை மாற்றவே இல்லை. கல்யாணம் ஆனால் பழைய உயில் செல்லாமல் போகும். நாமினி நியமனம் அப்படிப் போகாது. அம்மா பெயரில் உருவான அந்த அறக்கட்டளை அப்படியே நிற்கும். அதை மாற்ற அறங்காவலரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். தனியாக யாரையும் நியமிக்காவிட்டால் பொதுவாக அந்த அறங்காவலர் அம்மாவேதான். பையன் உயிரோடு இருக்கும்போது அம்மாவிடம் கையெழுத்து வாங்குவது ஒரு காப்பி குடிக்கும் நேரத்து வேலை. அவன் போன பிறகு மாமியாரும் மருமகளும் இரண்டு வழக்கறிஞர்களை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க மனம் தாங்காது.

இந்திய முஸ்லிம் குடும்பங்களுக்கு விதி வேறு. வழக்கமான காப்புறுதியில் முஸ்லிமின் நாமினி நிர்வாகியாகவே பணத்தைப் பெறுகிறார். இஸ்லாமிய முறைக் காப்புறுதியான குடும்பத் தக்காஃபுலில் 2013ஆம் ஆண்டு இஸ்லாமிய நிதிச் சேவைச் சட்டப்படி நிபந்தனையுள்ள ஹிபாவாக, அதாவது அன்பளிப்பாக, எழுதி வைக்க வழி இருக்கிறது. அதற்குப் படிவத்தில் அந்தக் கட்டத்தைத் தெளிவாகக் குறித்திருக்க வேண்டும்.

இறப்புக் கோரிக்கை கொடுத்து மாதங்கள் ஆகின்றன. "பரிசீலனையில் இருக்கிறது" என்றே சொல்கிறார்கள்.

ஆயுள் பாலிசிக்கும் தனிநபர் விபத்துப் பாலிசிக்கும், கோரிக்கையைத் தெரிவித்த நாளிலிருந்து 60 நாளுக்குள் பணம் தராவிட்டால், அதன் பிறகு ஆண்டுக்குக் குறைந்தது 4 விழுக்காடு கூட்டு வட்டி சேர்த்துத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எனவே தெரிவித்த தேதிக்கு ஆதாரம் இருக்க வேண்டும். தொலைபேசியில் மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருக்காதீர்கள். மின்னஞ்சல் அனுப்புங்கள், அல்லது கிளையில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள்.

மருத்துவமனை சேர்க்கும் நேரத்தில் நிறுவனம் உத்தரவாதக் கடிதத்தை மறுத்துவிட்டது. இனி ஒன்றும் கிடைக்காதா?

உத்தரவாதக் கடிதம் என்பது "மருத்துவமனைக் கட்டணத்தை நாங்கள் நேரே செலுத்துகிறோம்" என்று நிறுவனம் கொடுக்கும் வாக்கு. அதைக் கொடுக்காததை முழுக் கோரிக்கையும் நிராகரிக்கப்பட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த இரவில் முடிவு செய்யப் போதிய மருத்துவ விவரம் இல்லை என்பதுதான் பல நேரம் காரணம். நீங்கள் கட்டிவிட்டு, அசல் ரசீதும் மருத்துவர் அறிக்கையும் வைத்துப் பிறகு கோரலாம். கையில் அவ்வளவு பணம் இல்லாவிட்டால், நிலைமை அனுமதித்தால், அரசு மருத்துவமனைக்கு மாற்றுவதைப் பற்றி மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

காத்திருப்புக் காலங்களையும் பாருங்கள். புதிய பாலிசியில் பொதுவாக முதல் 30 நாளுக்கு விபத்தைத் தவிர வேறு நோய்களுக்குக் காப்பு இல்லை. இரத்த அழுத்தம், நீரிழிவு, இதய நோய், கட்டி, கல், குடலிறக்கம் போன்ற பட்டியலிட்ட நோய்களுக்கு 120 நாள். பழைய பாலிசியை விட்டுப் புதியதற்கு மாறச் சொல்லும் முகவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். மாறிய நாளில் இந்தக் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கக்கூடும்.

பிரிமியத்தை ஒரேயடியாக ஏற்றிவிட்டார்கள். கேட்க ஆள் இல்லையா?

மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2024 டிசம்பரில் இடைக்கால ஏற்பாடுகளை அறிவித்தது. மருத்துவப் பிரிமிய உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும் என்றது. பாலிசிதாரர்களில் குறைந்தது 80 விழுக்காட்டினருக்கு ஆண்டு உயர்வு 10 விழுக்காட்டுக்குள் இருக்கும் என்றும் எதிர்பார்க்கப்பட்டது. 2026 முடிய இது நடப்பில் இருக்கும். 60 வயதும் அதற்கு மேலும் ஆகி, தம் திட்டத்தின் மிகக் குறைந்த நிலையில் இருப்பவர்களுக்கு ஓராண்டு தற்காலிக நிறுத்தம் தரப்பட்டது. உங்கள் கடிதத்தில் இது எப்படிக் கணக்கிடப்பட்டது என்று நிறுவனத்திடம் கேட்கலாம்.

சாலை விபத்தில் எனக்கு அடிபட்டது. யார் எனக்குப் பணம் தர வேண்டும்?

தவறு செய்த ஓட்டுநர்தான் பொறுப்பு. அவருடைய பொறுப்பை அவருடைய காப்புறுதி நிறுவனம் சுமக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, மூன்றாம் நபருக்கு ஏற்படும் மரணத்துக்கும் உடல் காயத்துக்கும் காப்புறுதி இல்லாமல் யாரும் சாலையில் வண்டி ஓட்டக் கூடாது. நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு அந்தத் தொகையை நிறுவனம் கட்ட வேண்டும் என்று அச்சட்டத்தின் 96ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் வழக்குத் தொடுக்கும் முன்போ, தொடுத்த ஏழு நாளுக்குள்ளோ நிறுவனத்துக்கு அறிவிப்புப் போயிருக்க வேண்டும். உங்கள் வழக்கறிஞர் இதைச் செய்திருக்கிறாரா என்று கேட்பதில் தவறில்லை.

விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்ய வேண்டும். மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவருக்கு அது முடியாது. முடிந்தவுடன் செய்யுங்கள், தாமதத்தின் காரணத்தையும் அதிலேயே சொல்லுங்கள். மலாயில் அவர்களே தட்டச்சு செய்வார்கள். கையெழுத்துப் போடும் முன் ஒருவரை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். "இடப்பக்கம்" என்று நீங்கள் சொன்னது "வலப்பக்கம்" என்று பதிவாகி, மூன்று ஆண்டு கழித்து எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உலுக்கியதை நான் நீதிமன்றத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

யார் மேல் தவறு என்று போலீஸ் சொல்வது இறுதி முடிவல்ல. செஷன்ஸ் நீதிமன்றம் சாட்சியம் கேட்டுப் பொறுப்பை இருவருக்கும் பங்கிடலாம். உங்கள் பக்கம் 30 விழுக்காடு தவறு என்று முடிவானால் உங்கள் இழப்பீட்டில் அவ்வளவு குறையும்.

வேலைக்குப் போகும் வழியிலோ வரும் வழியிலோ நடந்த விபத்து என்றால் தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கெசோவிடமும் மனு செய்யுங்கள். எதிர் வண்டிக்காரர் மேல் போடும் வழக்கு வேறு, அது வேறு.

மோதியவருக்கு ஓட்டுநர் உரிமமே இல்லை, குடித்தும் இருந்தார். அவருடைய நிறுவனம் தப்பித்துக்கொள்ளுமா?

உங்களுக்கு எதிராக அதைச் சொல்லித் தப்ப முடியாது. ஓட்டுநரின் வயது, உரிமம், போதை, வண்டியின் நிலை போன்றவற்றைக் காட்டி மூன்றாம் நபரின் உரிமையைக் குறைக்கும் நிபந்தனைகள் செல்லாது என்று 95ஆவது பிரிவு சொல்கிறது. நிறுவனம் உங்களுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு தன் பாலிசிதாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். பெற்றோர்கள் இதன் மறுபக்கத்தையும் யோசிக்க வேண்டும். உரிமம் இல்லாத பதினைந்து வயதுப் பையனுக்கு மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுத்தால், அவன் மோதியவருக்குப் போன பணத்தை நிறுவனம் உங்களிடம் கேட்டு வரும்.

மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்தவருக்கு அடிபட்டால்?

இது பலருக்குத் தெரியாத ஓட்டை. எதிர் வண்டியின் தவறு என்றால் எதிர் வண்டியின் நிறுவனம் தரும். ஆனால் நீங்களே சறுக்கி விழுந்து, பின்னால் இருந்த மனைவிக்குக் கால் முறிந்தால், கட்டாயக் காப்புறுதி பொதுவாக அவரைக் காக்காது. வாடகைப் பயணிகளையும் வேலை ஒப்பந்தப்படி ஏற்றிச் செல்பவர்களையும் தவிர, பயணிகளுக்குச் சட்டம் கட்டாயக் காப்பு கேட்பதில்லை. காரில் பயணிகளுக்கான சட்டப் பொறுப்பு என்று ஓர் இணைப்பு வாங்கலாம். மோட்டார் சைக்கிளுக்கு, மனைவி பெயரிலும் ஒரு தனிநபர் விபத்துப் பாலிசி எடுத்து வைப்பதுதான் எனக்குத் தெரிந்த எளிய வழி.

மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டார்கள். அல்லது அந்த வண்டிக்குக் காப்புறுதியே இல்லை.

மோட்டார் காப்புறுதிப் பணியகம் என்று ஓர் அமைப்பு இப்படிப்பட்டவர்களுக்காகவே இருக்கிறது. வழக்கறிஞர் மூலம் மனு செய்யுங்கள். பதிவு எண் தெரிந்தால் எந்த நிறுவனம் என்று தேடிக் கண்டுபிடிக்க முடியும். காப்புறுதி இல்லை என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

என் கார் சேதம். தவறு எதிராளியுடையது. எங்கே கோருவது?

முழுக் காப்புறுதி உள்ள தனியார் கார் என்றால் உங்கள் சொந்த நிறுவனத்திடமே கோரலாம். நீங்கள் தவறு செய்யவில்லை என்று உறுதியானால் கோரிக்கையற்ற தள்ளுபடி, அதாவது கோரிக்கை வைக்காத ஆண்டுகளுக்காகப் பிரிமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போகாது. அந்தத் தள்ளுபடி முதல் ஆண்டு 25 விழுக்காட்டில் தொடங்கி 30, 38.33, 45 என்று ஏறி 55 விழுக்காட்டில் நிற்கும். அது வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. வண்டியை விற்கும்போது அதை அடுத்த வண்டிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆன வண்டியில் புதிய உதிரிப்பாகம் போட்டால் ஒரு பங்கை உங்களைக் கட்டச் சொல்லலாம். 15 விழுக்காட்டில் தொடங்கி, பத்து ஆண்டும் அதற்கு மேலும் ஆன வண்டிக்கு 40 விழுக்காடு வரை போகும். பட்டறையில் பில்லைப் பார்த்து அதிர்ச்சியடைபவர்கள் பலர். வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள். விபத்து நடந்த இடத்துக்கு யாரும் அழைக்காமலே வந்து நிற்கும் இழுவை வண்டியிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். உங்கள் நிறுவனத்தின் 24 மணி நேர எண்ணை அழையுங்கள்.

வெள்ளத்தில் கார் மூழ்கியது. "முழுக் காப்புறுதி" என்றுதானே சொன்னார்கள்?

2017 நவம்பரில் பினாங்கில் அந்த ஓரிரவு மழைக்குப் பிறகும், 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கிய பிறகும் எத்தனையோ பேர் இதே கேள்வியைக் கேட்டார்கள். முழுக் காப்புறுதியில் வெள்ளம் தானாகச் சேராது. சிறப்பு ஆபத்துகளுக்கான இணைப்பைத் தனியாக வாங்க வேண்டும். வீட்டுத் தீ பாலிசியும் அப்படியே: தீ, மின்னல், வீட்டு எரிவாயு வெடிப்பு இவைதாம் அடிப்படை. அடுக்குமாடியில் கட்டடத்துக்குக் காப்புறுதி எடுப்பது நிர்வாகக் கழகத்தின் சட்டக் கடமை, ஆனால் உங்கள் குளிர்சாதனப் பெட்டியும் துணிமணியும் அதில் வராது.

மருத்துவமனைக்கே ஒருவர் வந்து "நான் வழக்குப் பேசி வாங்கித் தருகிறேன், கிடைப்பதில் ஒரு பங்கு போதும்" என்கிறார்.

கையெழுத்துப் போடாதீர்கள். கட்டுப்போட்ட கையோடு படுத்திருப்பவரின் பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்த நாட்டில் வழக்கறிஞர் இழப்பீட்டில் பங்கு பேசுவதை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் தடுக்கிறது. ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதும் கூடாது. அந்தத் தரகர் வழக்கறிஞர் அல்லர். அவர் எந்த அலுவலகத்துக்கு வேலை செய்கிறார் என்று பல நேரம் நோயாளிக்கே தெரியாது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டாலும் வழக்கறிஞரை மாற்றும் உரிமை உங்களுக்கு உண்டு.

வழக்குப் போட எவ்வளவு காலம் இருக்கிறது?

தீபகற்பத்தில் காயத்துக்கான வழக்குக்கு ஆறு ஆண்டுகள். ஆனால் விபத்தில் இறந்தவரைச் சார்ந்திருந்த குடும்பம் கோரும் இழப்பீட்டுக்கு 1956ஆம் ஆண்டு சிவில் சட்டப்படி மூன்றே ஆண்டுகள். அரசு வாகனம் என்றாலும் மூன்று ஆண்டுகள்தாம். "ஆறு ஆண்டு இருக்கிறது" என்று யாரோ சொன்னதை நம்பி நான்காம் ஆண்டு வந்த ஒரு தாயிடம் "முடிந்துவிட்டது அம்மா" என்று சொல்ல வேண்டி வந்தது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரி நினைவில் நிற்க வேண்டும் என்றால் இந்த மூன்று ஆண்டு நிற்கட்டும்.

துயர இழப்பீடு, அதாவது கணவன், மனைவி, அல்லது மணமாகாத இளம் பிள்ளையின் பெற்றோருக்கான தொகை, 2019இல் 10,000 ரிங்கிட்டிலிருந்து 30,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது.

நிறுவனம் மறுத்துவிட்டது. வழக்குப் போடப் பணம் இல்லை. வேறு வழி?

முதலில் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுத்தில் முறையிடுங்கள். அவர்களின் இறுதி முடிவு வந்த ஆறு மாதத்துக்குள், அல்லது 60 நாளாகியும் பதிலே வராவிட்டால், நிதிச் சந்தைகள் குறைதீர்ப்புச் சேவையிடம் போகலாம். முன்பு நிதிச் சேவைகள் குறைதீர்ப்பாளராக இருந்த அமைப்பு, முதலீட்டுத் தகராறுகளைப் பார்த்துவந்த மற்றோர் அமைப்போடு சேர்ந்து 2025 ஜனவரி 1 முதல் இந்தப் பெயரில் இயங்குகிறது. அலுவலகம் கோலாலம்பூரில். பினாங்கிலிருந்து பயணம் போக வேண்டியதில்லை. இணையம் வழி முறையீடு கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. பொதுவாக 250,000 ரிங்கிட் வரையிலான இழப்பை விசாரிக்கிறார்கள். அவர்களின் தீர்ப்பை நீங்கள் ஏற்றால் நிறுவனம் கட்டுப்பட வேண்டும். நீங்கள் ஏற்காவிட்டால் நீதிமன்றம் போகும் உரிமை அப்படியே இருக்கும். ஆனால் சாலை விபத்தில் மூன்றாம் நபரின் உடல் காயக் கோரிக்கை அங்கே எடுபடாது, அதற்கு நீதிமன்றம்தான்.

ஜார்ஜ்டவுனில் உள்ள பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் இத்தகைய புகார்களைக் கேட்கிறது. தமிழில் பேசலாம்.

நிறுவனமே மூடிவிட்டால்?

பிஐடிஎம் என்ற மலேசிய வைப்புநிதிக் காப்புறுதிக் கழகம் 2010 டிசம்பர் 31 முதல் காப்புறுதி, தக்காஃபுல் பயன்களையும் பாதுகாக்கிறது. இறப்பு, ஊனம் போன்ற பயன்களுக்கு வரம்பு 500,000 ரிங்கிட்.

உங்களைப் பார்க்க வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

பாலிசிப் புத்தகம் முழுவதும். முதல் பக்கம் மட்டும் போதாது. விண்ணப்பப் படிவத்தின் நகல். இல்லாவிட்டால் நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். மறுப்புக் கடிதத்தோடு அது வந்த உறையும் வேண்டும், ஏனென்றால் ஆறு மாதக் கணக்குக்குத் தேதி முக்கியம். விபத்து என்றால் போலீஸ் புகார், போலீஸ் வரைபடம், மருத்துவ அறிக்கை, சம்பளச் சீட்டு. முகவரோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் அந்தக் கைப்பேசியையே எடுத்து வாருங்கள். எதையும் தேதி வாரியாக அடுக்க வேண்டியதில்லை. பிஸ்கட் டின்னில் கிடப்பது போலவே கொண்டுவாருங்கள், உட்கார்ந்து நாம் அடுக்கிக்கொள்ளலாம். ஒன்பது மணிக்குப் பூசை முடிந்ததும் மண்டபத்தின் வலப்பக்க மேசையில் இருப்பேன்.